அளவுக் கொப்பி

முதல் பக்கங்களில் அளவுகள் மட்டும்தான்.
தேவமஞ்சரி ரீச்சர், மார்பு முப்பத்தாறு, கை ஒன்பதரை,
பின்கழுத்து இறக்கம் வேண்டாம்.
பிறகு, அதே பேனையால், அடியில்:
வைகாசி பதினொன்று. இரவு எட்டேகால்.
சோளகம். கிணற்றடி வரை.

வெளியின் தென்மேற்கு மூலையில்
தகரக் கூரை எழும்பிய வருடம்
வேலை வரும் என்றார்கள்.
வந்தது, பதினான்கு பேருக்கு.
எழுநூறு பன்றிகளின் மூச்சை
வெளியே தள்ளும் ஆறு விசிறிகளும் வந்தன,
எங்கள் பக்கம் முகம் திருப்பி.

முதலில் அது மூக்குக்கு வருவதில்லை.
கண்ணுக்கு வரும்,
யாரோ பக்கத்தில் வெங்காயம் உரிப்பதுபோல.
பிறகு நாக்கில், ஒரு பழைய செப்புச் சதம்.
அதற்குப் பிறகுதான் நாற்றம்.
அப்போது ஓடி யன்னலைச் சாத்தினால்
உள்ளே வந்துவிட்டதையும் சேர்த்துச் சாத்துகிறோம்.

கோண்டாவிலுக்குப் போன கலியாணச் சட்டை
திரும்பி வந்தது.
தையலில் பிழையில்லை என்றாள் பொம்பிளையின் தாய்,
பையைத் தன்னில் படாமல் நீட்டிப் பிடித்தபடி.
"ஆனா பிள்ளை, இதில ஒரு மணம்..."
வெயிலில் போட்டேன். வெயிலிலும் அதே காற்று.
மூன்றாம் தரம் தோய்த்ததில் சரிகை கறுத்தது.
துணிக் காசையும் நான்தான் கொடுத்தேன்.

படிவத்தில் ஒரு கேள்வி:
நாற்றத்தின் அளவு?
பதினெட்டு வருடம் நாடா பிடித்த கை
அந்தக் கட்டத்துக்கு மேல் நின்றது.
பிசைந்த சோற்றை மூடி வைத்த அளவு,
என்று எழுதினேன்.
அச்சுவேலி ரியூசனில் மகள்
ஒருவரும் சொல்லாமலே கடைசி வாங்கிலுக்கு
எழும்பிப் போன அளவு.
கட்டம் போதவில்லை.

நத்தாருக்கு அயலுக்கெல்லாம்
அரைவிலையில் இறைச்சி தந்தார்கள்.
நானும் ஒரு கிலோ வாங்கினேன். ருசிதான்.
அதைக் கொப்பியில் எழுதவில்லை.

முறைப்பாடு கொடுத்தது ஆடியில்.
சுகாதாரப் பரிசோதகர் வந்தது மார்கழியில்.
வாடை அடித்தது, ஈரமாக, கழுவி எடுத்ததுபோல.
வெளியெல்லாம் தண்ணீர், கொக்குகள்.
அவர் முற்றத்தில் நின்று
இரண்டு தரம் மூச்சை இழுத்துப் பார்த்தார்.
பெயர்?
சுகந்தினி.
பேனை ஒரு கணம் நின்றது, பிறகு எழுதியது:
அவதானிக்கப்படவில்லை.

பண்ணையில் வேலை செய்கிற யூட் ரமணன்
காற்சட்டையைத் தந்துவிட்டு
படலைக்கு வெளியே நிற்பான்.
வா என்றாலும் வரமாட்டான்.
"தேசிக்காய் போட்டு முழுகினனான் அக்கா,
எண்டாலும்..."
எனக்கு அவனில் ஒன்றும் மணக்கவில்லை.
என் நல்ல மனம்தான் காரணம் என்று
அன்று நினைத்துக்கொண்டேன்.

இந்த ஆனியில், இருட்டின பிறகு,
சொல்லாமல் வந்தார் பரிசோதகர்.
சோளகம் முருங்கையை முறிக்கிற மாதிரி.
மோட்டார் சைக்கிளை நிறுத்த முதலே
லேஞ்சியால் மூக்கைப் பொத்தினார்.
வேலிக் கதிகாலைப் பிடித்தபடி ஓங்காளித்தார்.
"எப்பிடி அம்மா இதுக்குள்ள இருக்கிறியள்?"

ஒரு வருடம் காத்திருந்த கேள்வி.
நான் ஆழ மூச்செடுத்தேன்.
ஒன்றுமில்லை.
இன்னொரு தரம்.
உள்ளே போய் மண்ணெண்ணெய்ப் போத்தலைத் திறந்து
மூக்கோடு வைத்தேன்.
தண்ணீர்.

அவர் எழுதி முடித்துப் போன பிறகு
நானும் கொப்பியை எடுத்தேன்.
ஆனி இருபது. இரவு ஏழரை. சோளகம்.
நாற்றம்: அவர் சொன்னபடி.

அதன் கீழே, காலையில் முடிக்க வேண்டியது:
யூட் ரமணன், இடுப்பு இருபத்தெட்டு.
போன வருடம் முப்பது.