படர்க்கை

அருஷாவில் அன்று மேரு மலைக்குத் தலை இல்லை.
பதிவகத்தின் கம்பிச் சன்னலுக்கு வெளியே ஒரு பெண்,
சர்க்கரைச் சாக்கைக் கிழித்துத் தைத்த பையோடு.
பெயர் நப்விரே. இரவில் பிறந்தவள் என்று பொருளாம்.
ஊர் புசியா. மூன்று பேருந்து, இரண்டு பகல்.
தொழில், ஏரிக் கருவாடு;
நெத்திலியைவிடப் பொடி, வெயிலில் வெள்ளி.
எல்லைக்கு அந்தப்பக்கம் மீனாகப் போய்
இந்தப்பக்கம் மாவாகத் திரும்புவது.

"வழக்கில் நானும் சேர வேண்டும்."

வாதியா?
இல்லை.
பிரதிவாதியா?
இல்லை.

பதினேழு ஆண்டுகளாக முத்திரை குத்துகிறேன்.
தன்மைக்கு ஒரு மேசை, முன்னிலைக்கு ஒரு மேசை.
நான் என்பவரும் நீ என்பவரும்
ஆளுக்கொரு குவளைத் தண்ணீரோடு உட்காரும் இடம் இது.
அவள், அவர்கள், அவை
இவற்றுக்கு யாரும் மேசை போட்டதில்லை.

வழக்கு இவ்வளவுதான்.
ஒரு நாடாளுமன்றம் கதவைச் சாத்திக்கொண்டு
வட்டாரப் பேரவைக்கு ஒன்பது பேரைத் தேர்ந்தது.
எண்ணி முடிக்கும் முன்பே கேக் வெட்டினார்கள் என்றது வாதி.
கேக், சபாநாயகரின் பிறந்தநாளுக்கு என்றது பிரதிவாதி.
எட்டு மாதம் எதிலும் ஒத்துப்போகவில்லை,
தேதியில், மொழிபெயர்ப்பில், பக்க எண்ணில்,
மின்விசிறியின் வேகத்தில்கூட.

நப்விரேயின் மனு வாசிக்கப்பட்ட காலையில்
இரண்டு மேசையும் ஒன்றாக எழுந்தன.
ஒரே மூச்சு, ஒரே சொல்: ஆட்சேபம்.
பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்,
ஒரே நிறச் சட்டையில் வந்துவிட்ட சம்பந்திகளைப் போல.

இடைச்செருகல் என்றார் அரசு வக்கீல் பிருங்கி.
ஊர் இரண்டுபட்டால், என்று தொடங்கி நிறுத்தினார் எதிர் வக்கீல்.
கூத்தாடி என்று சொல்லவில்லை.
சொல்லாமல் சொன்னார்.

மூத்த நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார்:
"இதில் உங்கள் நலன் என்ன, அம்மா?"

"பிப்ரவரியில் கூடைக்கு முந்நூறு வாங்கினார்கள்.
ஜூனில் எழுநூறு.
கூட்டியது யார் என்றேன். பேரவை என்றார்கள்.
பேரவையில் எங்களுக்கு யார் என்றேன்.
அதற்குத்தான் வழக்கு நடக்கிறது என்றார்கள்.
வந்தேன்."

யாரோ இருமினார். நான்தான்.

உத்தரவு மதியம் வந்தது.
பேச அனுமதி இல்லை. எழுதித் தரலாம்.
பத்துப் பக்கம், இரட்டை இடைவெளி,
எழுத்தின் அளவு பன்னிரண்டு.

மணிக்கூண்டுப் பக்கத்து நகல் கடையில்
அவள் சொல்லச் சொல்ல ஒரு பையன் தட்டினான்.
பத்தாம் பக்கத்தின் கடைசி வரி
வாக்கியத்தின் நடுவிலேயே நின்றது; இடம் அவ்வளவுதான்.
நான்காம் பக்கத்தில் கருவாட்டு வாசம்.
பதிவேட்டில் அதை எழுத வழி இல்லை.

பதினோராம் நாள் சமரசம்.
ஐந்து உனக்கு, நான்கு எனக்கு.
மனு வாபஸ். கைகுலுக்கல்.
பிருங்கி எல்லாருக்கும் சோடா வாங்கிக் கொடுத்தார்,
எனக்கும்.

வழக்கே இல்லை என்றால் இடையீடு எதற்கு இடையே?
கரைகள் இரண்டும் எழுந்து போய்விட்டன.
ஆற்றை எந்த அலமாரியில் வைப்பது?

மறுபடி அதே சன்னல். அதே பை.
"தோற்றேனா?"
இல்லை.
"ஜெயித்தேனா?"
இல்லை. முடிந்துவிட்டது.
"எனக்கு முடியவில்லையே" என்றாள், கோபமில்லாமல்,
சில்லறை குறைகிறது என்று சொல்வதுபோல.

விதிப்படி அந்தப் பத்துப் பக்கத்தையும்
நான் திருப்பித் தர வேண்டும். நீட்டினேன்.
அவள் வாங்கவில்லை.
"நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ரசீது கொடுங்கள்.
எல்லையில் எதைக் கொடுத்தாலும்
ரசீது இல்லாமல் நான் நகர்வதில்லை."

முத்திரையை மையில் ஒற்றினேன். பெறப்பட்டது.
தேதி. நேரம்: மூன்று நாற்பது.
தரப்பு என்ற இடத்தில் அச்சடித்த கட்டங்கள் இரண்டு.
பக்கத்தில் மூன்றாவதாக ஒன்றைப் பேனாவால் வரைந்தேன்.
கை வழுக்கி, கோடு
தாளின் ஓரம்வரை படர்ந்துவிட்டது.

அவள் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
கள்ள நோட்டைப் பார்ப்பதுபோல.
சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தாள்.
"மூன்று முப்பத்தெட்டு" என்றாள்.

திருத்திக் கொடுத்தேன்.