இருமல்

ஓடைக்கு அந்தப் பக்கம் கேரளம்.
இந்தப் பக்கம் என் நூற்றுப்பத்து ரப்பர் மரம்.
பெருமழையில் ஓடை தடம் மாறினால்
எந்த மாநிலத்தில் நிற்கிறேன் என்று
கைபேசிக்கே குழப்பம் வரும்.

விடிகாலை மூன்றரைக்கு
தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விளையில் இறங்கினேன்.
நெற்றியில் வெளிச்சம் உள்ளவளுக்குத்
திரும்பும் இடமெல்லாம் பகல்.
அந்தப் பகலுக்குள் வந்து விழுந்தது
பாக்கியதாஸின் முதுகு.
சபை ஆண்டுவிழாவுக்கு எல்லோரும் சேர்ந்து தைத்த
அதே நீலச் சட்டை.

சிரட்டையில் உறைந்த பாலை
நகத்தால் பெயர்த்துப் பெயர்த்து
உரச்சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.
அவசரமே இல்லை.
ஞாயிறுதோறும் காணிக்கைப் பையை
ஒரு வரிசையும் விடாமல் நீட்டுவாரே,
அந்தப் பொறுமை.

கூவினால் கேட்கும் தூரத்தில் ஆறு வீடு.
வாய்க்குள் சொல் வந்துவிட்டது,
நல்ல சொல் இல்லை.
அதற்குள் கை முந்திப் போய்
விளக்கை அணைத்தது.

இரக்கம் என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை.
உடுதுணி இல்லாமல் ஒருவர் நிற்கும் அறையில்
தெரியாமல் நுழைந்துவிட்டால்
கதவைச் சாத்துவோமே, அவ்வளவுதான்.
இருட்டில் நின்றேன். கொசு பிடுங்கியது.
சாக்கு இழுபடும் ஓசை
ஓடை வரை போய் நின்றது.

அதற்குப் பிறகுதான் கஷ்டம்.

களியக்காவிளைக் கடையில்
தராசு முள்ளைப் பார்த்துச் சுகுமாரன் கேட்டார்,
"எந்தா சேச்சி, ஒட்டுபாலு கொறவாணல்லோ?"
"மழை" என்றேன்.
வெளியே வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது.
எழுநூறு ரூபாய் குறைந்தது.
எழுநூறு என்றால்
வீட்டுக்காரருக்கு ஒரு மாதச் சர்க்கரை மாத்திரை.
மன்னித்துவிட்டேன், மன்னித்துவிட்டேன் என்று
பஸ்ஸில் சொல்லிக்கொண்டே வந்தேன்.
சொன்ன ஒவ்வொரு தடவையும்
எழுநூறும் கூடவே ஏறி உட்கார்ந்தது.

ஏன் எடுத்தார்?
மகனுக்குப் பீஸா, வட்டியா, குடியா?
தங்கநேசத்திடம் ஒரு வாய் தேயிலை குடித்தால்
முழுக்கதையும் கிடைக்கும்.
போகவில்லை.
தகுதி விசாரித்துவிட்டு இரங்கினால்
அது பேரம்.

ஞாயிறு, பை என் வரிசைக்கு வந்தது.
கம்பின் மறுமுனையில் அவர் கை.
நகத்தில் பால் கறை.
அது இங்கே எல்லார் நகத்திலும் உண்டு, என் நகத்திலும்.
எப்போதும்போல இருபது ரூபாய் போட்டேன்.
நிமிரவில்லை.
நிமிர்ந்திருந்தால் என் முகம்
காட்டிக்கொடுத்திருக்கும், அவரையோ என்னையோ.
ஜெபத்தில் கடனை மன்னிக்கும் இடம் வந்தபோது
சபைக்கு ஒரே குரல்.
என் குரல் மட்டும்
அரை அடி பின்னால் வந்தது.

வெட்டு பழகும்போது சொல்வார்கள்,
பட்டையோடு நிறுத்து, தடியைத் தொடாதே.
தொட்ட இடம் முண்டு கட்டிவிடும்,
அப்புறம் அங்கே கத்தி ஏறாது.
பதினாறு வருடமாக மரத்தில் படிந்த கை
மனிதரிடம் போனால் தடுமாறுகிறது.
சில நாள் அவரை
ஆழமாகவே வெட்டிவிடுகிறேன், மனதுக்குள்.

அதற்குப் பிறகும் இரண்டு தடவை குறைந்தது.
அவர்தானா, தெரியாது.
கோபம் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது.
ஆனாலும் இப்போதெல்லாம்
விளக்கைப் போடுவதற்கு முன்னால்
பலாமரத் திருப்பத்திலேயே நின்று
இரண்டு தரம் பலமாக இருமுகிறேன்.
சாக்கோடு இருப்பவர் யாராக இருந்தாலும்
ஓடை தாண்ட நேரம் வேண்டும்.

நெஞ்சில் சளி இல்லை.
அதை வீட்டில் எப்படிச் சொல்ல?
அவர் சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறார்.
கசக்கிறது.
குடிக்கிறேன்.