பதினோரு நிமிடம் நாற்பது விநாடி

இரவு இரண்டுக்கு வலையேற்றினார்கள்.
நாலே முக்காலுக்கு அது உபா கேதியின் காதுக்குள் இருந்தது.
நைரோபி, ஈஸ்ட்லே, இரண்டாம் மாடி.
கீழே துணிக்கடையின் ஷட்டர் இன்னும் ஏறவில்லை.
நிமிடக் கணக்கில் கூலி.

பேசியவன் முகத்தை மூடியிருந்தான்.
குரலை மூட முடியுமா?
ஜூபா ஆற்றுக்குத் தெற்கே எங்கோ,
வாக்கியத்தின் கடைசியை விழுங்கிவிடும் ஊர்.
அவள் தாய்மாமன்களும் அப்படித்தான் விழுங்குவார்கள்.
அதை யாரும் கேட்கவில்லை,
அவளும் எழுதவில்லை.

நான்காம் நிமிடம், பன்னிரண்டாம் விநாடி.
அவனுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவியது.
எழுதினாள்: சேவல்.

ஏழாம் நிமிடத்தில் அந்தச் சொல்.
"அவர்கள் வாக்களிக்கும் நாளில்
எங்கள் சாலையில் நாங்கள் சுகய்னா."
காத்திருக்கிறோம் என்றும் சொல்லலாம்.
காவல் காக்கிறோம் என்றும் சொல்லலாம்.
(இந்தக் கவிதையின் மொழியிலும்
காப்பவனும் காத்திருப்பவனும்
ஒரே வேரில் கிளைத்தவர்கள்தான்.
அவளுக்கு அது தெரியாது.
தெரிந்தும் ஒன்றும் ஆகியிருக்காது.)

காத்திருக்கிறோம் என்று போட்டு
அடிக்குறிப்பில் மற்றதையும் எழுதி
'பெரும்பாலும் இதுவே' என்று சேர்த்து அனுப்பினாள்.
கைப்பேசித் திரையில் அடிக்குறிப்புக்கு ஏது இடம்?
சேவலையும் வெட்டிவிட்டார்கள்.

மதியம் நகுருவில்
வண்டிக் கூரையைப் பிளந்துகொண்டு எழுந்தார் கமண்டே:
"காத்திருக்கிறார்களாம்! யாருக்கு?
ஒபுரா ஜெயிப்பதற்கு!"
மாலை கிசுமுவில் ஒபுரா, ஏரிக்காற்றில் தொப்பியைப் பிடித்தபடி:
"எனக்குப் பயந்து பதுங்கிக் காத்திருக்கிறார்கள்!"
இரண்டு கூட்டமும் ஒரே மாதிரி கைதட்டின.
மறுநாள் ஒரு மட்டாட்டுவின் பின்கண்ணாடியில்
கமண்டே படத்துக்குக் கீழே ஒட்டியிருந்தது:
நாங்களும் காத்திருக்கிறோம்.

வாக்குக்குக் கால் முளைத்தால்
அதைப் பெற்றவளிடம் வந்து சொல்லிக்கொண்டா போகும்?

வியாழக்கிழமை அவள் தெருவில் லாரி நின்றது.
தள்ளுவண்டியில் சாக்ஸ் விற்கும் அப்ஷிரிடம்
அடையாள அட்டை இல்லை.
அவனை ஏற்றினார்கள். வண்டியை ஏற்றவில்லை.
மழை பிடித்துக்கொண்டது.
ஜோடி ஜோடியாய்க் கிளிப் போட்ட சாக்ஸ்கள்
யாருடைய கால் என்று தெரியாமல் நனைந்தன.
உபா இறங்கிப் போய் ஒரு பெட்டி நிறைய அள்ளி வந்தாள்.

ஆறாம் நாள் இரண்டாவது காணொளி.
அதே குரல்; இப்போது அதில் ஒரு குதூகலம்.
கமண்டேயின் பேச்சைப் போட்டுக் காட்டினான்,
ஒபுராவின் பேச்சையும்.
பிறகு நிதானமாக, இரட்டைப் பொருளே இல்லாத
வேறொரு சொல்லைத் தேடியெடுத்து,
வாக்கியத்தின் கடைசியைக்கூட விழுங்காமல் சொன்னான்:
"ஆமாம். காத்திருக்கிறோம்."

உபா காதிலிருந்து கருவியைக் கழற்றினாள்.
அது அவள் சொல். ஊரெல்லாம் சுற்றி
காட்டுக்குப் போய்
துப்பாக்கியோடு திரும்பி வந்திருக்கிறது.
இம்முறை அடிக்குறிப்பு தேவைப்படவில்லை.
சுத்தமான பிரதி என்று நிறுவனம் பாராட்டியது.

நான்காம் நிமிடம் பன்னிரண்டாம் விநாடியை மட்டும்
மூன்று முறை ஓடவிட்டுக் கேட்டாள்.
கூவவில்லை.

வாக்குச்சாவடி ஒரு பள்ளிக்கூடம்.
ஆகஸ்ட் குளிர்; ஐந்து மணிக்கே வரிசை.
முன்னால் நின்றவள் இவள் முக்காட்டைப் பார்த்துக்
கைப்பையை வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.
அதிகாரி அட்டையைத் திருப்பினான், மறுபடி திருப்பினான்.
விரலில் மை வைக்கும்போது
உபாவுக்குக் கொட்டாவி வந்தது.
இரண்டு வாரமாய்த் தூக்கமில்லை.
யாருக்குப் போட்டாள் என்று எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்து கணக்கு எழுதினாள்.
முதல் காணொளி பதினோரு நிமிடம் நாற்பது விநாடி.
இரண்டாவது ஒன்பது நிமிடம் பதினைந்து.
கூட்டினால் இருபது நிமிடம் ஐம்பத்தைந்து.
ஐந்து விநாடி குறைகிறதே என்று
இருபத்தொன்றாக்கப் போனவள் கையை எடுத்தாள்.

கட்டிலுக்கு அடியில்
சாக்ஸ் இன்னும் ஈரம்.