யார் யாரோடு

இரவு ஒன்பதரைக்கு வக்கீல் எடுக்கிறா.
ஸ்காபரோவில் பகல்.
பின்னால் ஆரோ ஸ்டேப்ளர் அடிக்கிற சத்தம்.
எங்கள் பக்கத்தில்
உப்புவெளிக் கடலும் ஐஸ் பக்டரியின் கொம்பிரசரும்
மாறி மாறி மூச்சு விடுகின்றன.

ஐந்து வருடத்தில் எழுநூற்று முப்பது நாள் வேண்டும்.
என்னிடம் நானூற்றுப் பன்னிரண்டு.
மிச்சம் முந்நூற்றுப் பதினெட்டும்
இங்கேயே கிடக்கிறதாம், பொறுக்கி எடுக்கலாமாம்:
குடியுரிமை உள்ள புருசனோடு கூடப்போய்
வெளியே இருந்த நாள்
உள்ளே இருந்த நாள்தானாம்.

"ஆனால் ஒன்று," என்கிறா மிஸ் தில்லையம்பலம்.
"அவரோடு நீங்கள் போனீங்களா,
உங்களோடு அவர் வந்தவரா?"

குகதாஸ் வாளியைக் கீழே வைக்கிறார்.
பதினெட்டு வருடக் கலியாணத்தில்
எதற்கெல்லாமோ சண்டை பிடித்தாயிற்று.
இதை மட்டும் கேட்டதில்லை.

"நீதான்" என்கிறார்.
"கொண்ணர் செத்த கிழமை
பக்டரித் திறப்பு உன்ர கைக்கு வந்தது.
கோட்டுப் பொக்கற்றில அதை வைச்சுக்கொண்டு
ஒரு மாசம் வேலைக்குப் போய்வந்தாய்.
நடக்கேக்க கிலுங்கும்.
அப்பவே நீ இஞ்ச வந்திட்டாய்.
நான் பிறகு டிக்கெட் போட்டனான், அவ்வளவுதான்."

இல்லை, நீங்கள்தான்.
மாசி மாதம், காரில் உறைந்ததைச் சுரண்டிக்கொண்டு,
"எனக்கு நாப்பத்தாறு, முழங்காலுக்கு எழுபது" என்றீர்கள்.
வேறொன்றும் சொல்லவில்லை.
சுரண்டியைப் பக்கத்து வீட்டுக்காரனிடம் நீட்டினீர்கள்,
வைச்சுக்கொள் என்று.
நான் சூட்கேசை இறக்கியது அன்று இரவு.

வக்கீல் பொறுமைசாலி. நிமிடக் கணக்கில் காசு.
"அத்தாட்சி ஏதும்?"

ஒரே விமானம், அடுத்தடுத்த இருக்கை.
கட்டார் வரை அவர் தலை என் தோளில்,
கட்டாருக்குப் பிறகு என் தலை அவர் தோளில்.
போர்டிங் பாஸ் துண்டு இரண்டையும்
கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில்
கோட்டை வாசல் மான் ஒன்று
கைப்பையிலிருந்து இழுத்துத் தின்றுவிட்டது.
எவருடையதை முதலில் தின்றதென்று
அதற்கும் தெரியாது.

அக்கினியை மூன்றுதரம் சுற்றும்போது அவர் முன்னால்.
மூன்றாம் சுற்றில் என் சேலை தடுக்கி
அவர் நின்று, திரும்பி, காத்திருந்தார்.
அதைச் சொன்னேன்.
"அதை எழுதேலாது, அன்ரி," என்றா வக்கீல்.
வயது முப்பது இருக்கும். சிரித்தா.

போன் வைத்த பிறகு அவர் சொன்னார்:
"எழுது. நீ என்னோட வந்தனீ எண்டு எழுது.
ஆர் பாக்கப் போகினம்?"

படிவத்தில் நாலு வரி இடம்.
கனடாவை, இருபது வருட லொறி ஓட்டத்தை,
தமையன் அனுப்பும் வெள்ளிக்கிழமைப் பகிடிகளை விட்டுவிட்டு
ஒரு மனிதன்
நான் கேட்காமலே என் பின்னால் வந்தான்.
என் வாழ்நாளில் எனக்காக ஒருவர் செய்த
ஆகப் பெரிய காரியம் அது.
அது நடக்கவில்லை என்று
நாலு வரியில் எழுத வேண்டும்,
முந்நூற்றுப் பதினெட்டு நாளுக்காக.

பேனையைத் திறந்தேன்.
மின்சாரம் போயிற்று.
கொம்பிரசர் நின்றதும் கடல் மட்டும்.
இருட்டில் அவர் டோர்ச்சைத் தேடுகிறார்,
கதிரையில் இடித்துக்கொண்டு, முழங்காலை ஏசிக்கொண்டு.
நாலு மணிக்குப் படகுகள் ஐஸ் கேட்டு வரும்.

இருங்கள், நானும் வாறன் என்றேன்.