கலங்கல்

கரைக்கு அடியில், வேலிக்கருவை மூட்டுக்குப் பக்கத்தில்
ஒரு கையகலத்துக்கு ஊறிக்கொண்டிருந்தது.
எவர்சில்வர் டம்ளரில் பிடித்து
டார்ச்சை அதன்மேல் சாய்த்தேன்.
தெளிந்து வந்தால் தண்ணீர் போகிறது.
கலங்கி வந்தால் கரை போகிறது.
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த பொறியியல்.

கார்த்திகை பதினொன்று, ராத்திரி ஒன்றரை மணி.
மூன்று நாளாக மேற்கே கொட்டி
மேலே உள்ள கண்மாயெல்லாம் மறுகால் பாய்ந்து
எங்கள் கள்ளிவயல் கண்மாயில் வந்து நிற்கிறது.
இதற்குக் கீழே கண்மாய் கிடையாது.
உப்பளம், ஓடை,
அந்தோணியார் குடியிருப்பில் எண்பத்துமூன்று வீடு,
அப்புறம் கடல்.

பத்து மாதம் வெடித்த தரையைப் பார்த்தே
கிடந்தவர்கள் நாங்கள்.
கலுங்கின் மேல் யூரியாச் சாக்கில் மண் ரொப்பி
ஓர் அடி உயர்த்தியவர்களும் நாங்கள்தான்.
ஓர் அடி என்றால் மிளகாய்க்கு இரண்டு நனைப்பு.
சங்கத் தீர்மானத்தில், பொருளாளர் என்ற இடத்தில்
என் கையெழுத்து இருக்கிறது,
கோணலாக, ஆனால் அழுத்தமாக.
பொதுப்பணித்துறைக் குறிப்பேட்டில் கலுங்குக்குக்
கலங்கல் என்று போட்டிருந்தது.
அன்றைக்கு அதை வாசித்துச் சிரித்தோம்.

போன் அடித்தது. டெய்சி ராணி.
"அக்கா, பிள்ளைகள எழுப்பவா, வேண்டாமா?"
நெத்திலிக் கூடையை இறக்கி வைக்கும்போது
பேசுகிற அதே குரல்.
டம்ளரைப் பார்த்தேன்.
அடியில் மூக்குப்பொடி அளவு மண்.
வெளிச்சம் மஞ்சளா, தண்ணீர் மஞ்சளா
சொல்ல முடியவில்லை.
"எழுப்பு" என்றேன்.
"எங்க போறது?"
"பள்ளிக்கூட மாடிக்கு. கோயில் வேண்டாம், அது பள்ளம்."
"ஆடு?"
"ஆட்டையுந்தான்."

லஸ்கர் முத்திருளன் கலுங்கிலிருந்து
போனில் கத்தினான்:
ஊத்த அடைக்காதீக, அடைச்சா வேற வாய் தொறக்கும்,
மணலப் போடுங்க, மேல சல்லியப் போடுங்க,
தண்ணி வரட்டும், மண்ணு வரக்கூடாது.
நூருல் அமீன் வீடு கட்ட இறக்கியிருந்த
மணலும் சல்லியும் டிராக்டரில் வந்தன.
அவன் கணக்கு வைக்கவில்லை.
அவன் சம்சாரம் வைத்துக்கொண்டாள்.

அந்தச் சாக்குகளை அடுக்க
இருபது பேர், நாலு நாள், ஒரு கிடா.
பிடுங்க ஆறு பேர், முக்கால் மணி நேரம்.
நான் கலுங்குக்குப் போகவில்லை.
டம்ளரோடு இருந்தேன்.
உலை கொதிப்பதுபோல் கேட்ட சத்தம்
லாரி வருவதுபோல் மாறியது.
எங்கள் இரண்டு நனைப்பு
கடலுக்குப் போகிற சத்தம்.

இரண்டேகாலுக்குக் கலங்கல்.
மூன்றுக்கும் கலங்கல்.
மூன்றரைக்குத் தெரியவில்லை,
என் கண்தான் கலங்கியிருந்ததோ என்னவோ.
ஐந்தாகும்போது
டம்ளரின் அடியில் சாம்பல் தேய்த்த கீறல்கள்
ஒவ்வொன்றாகத் தெரிந்தன.
வாய்வரை கொண்டுபோனேன்.
பிறகு கீழே ஊற்றிவிட்டேன்.

விடிந்ததும் டெய்சி கூப்பிட்டாள்.
"ஒண்ணும் வரலயேக்கா?"
"வரல" என்றேன்.
தூக்கம் கெட்டவளின் கோபம்
போன் வழியாகவே சுட்டது.

மாசியில் தண்ணீர் மடைக்குக் கீழே இறங்கிவிட்டது.
கடைசி இரண்டு நனைப்பு இல்லாமல்
குண்டு மிளகாய் சுண்டைக்காயாகப் பழுத்தது.
கலுங்கில் திரும்பச் சாக்கு வைக்கலாமா என்று
கூட்டத்தில் ஒருவர் கேட்டார்.
யாரென்று சொல்லமாட்டேன்.
கேட்டது நியாயந்தான், அதுதான் பயமாக இருந்தது.
தீர்மான நோட்டு என் மடியில் இருந்தது.
பேனா மூடியை நான் கழற்றவில்லை.

வெள்ளிக்கிழமை டெய்சி நெத்திலி கொண்டுவந்தாள்.
கூறு நூறு.
எண்பதுக்குக் கேட்டேன்.
"அன்னைக்கு ராத்திரி மாடி ஏறுறப்ப
என் ஆட்டுக்குட்டி கால ஒடிச்சிருச்சு, தெரியுமா?"
என்றாள்.
நூறுதான் கொடுத்தேன்.