ஒரு சுழி

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
கரையோர ரயில் போகும்போதெல்லாம்
வைஃபையும் கொஞ்சத் தூரம் கூடப் போய் வரும்.

தளத்தை என் மடிக்கணினியில் நிறுவ
இரண்டு இரவு.
தரவுத்தளம் இல்லை, வெறும் கோப்புகள்தான்
என்று சொல்லியிருந்தார்கள்.
சொல்லாதது:
அமைப்புக் கோப்பில் ஓர் இடைவெளி கூடினாலும்
ஒன்றும் எழும்பாது.

எழும்பியது, பதினொன்றே முக்காலுக்கு.
தமிழ்ப் பக்கத்தில் முதல் வரி:
"கவணம்! இந்தக் கட்டளை எல்லாவற்றையும் அழிக்கும்."

கவணம்.
நூற்றியோராம் இலக்க பஸ்ஸில்
மிதிபலகைக்கு மேலே
பதினாறு வருசமாய் நான் வாசிக்கும்
அதே கவணம்.
அதை யாரிடம் போய்த் திருத்த?

இதைத் திருத்தினேன்.
ஒரு வரி சிவப்பு, ஒரு வரி பச்சை.
அனுப்பினேன்.

நுகேகொடையிலிருந்து இமேஷா
சிங்களத்தில் கேட்டாள்:
"இரண்டும் ஒன்றுதானே?
எனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது."
பெரிதாக்கு, நடு எழுத்தில்
சுழிகளை எண்ணு என்றேன்.

நெடுநேரம் ஒன்றும் இல்லை.
பிறகு:
"மூன்று. இரண்டு."
இணைத்துவிட்டாள்.

காலையில் பஸ்ஸில்,
நெரிசலோடு நெரிசலாய்,
அந்த மூன்றாவது சுழியை
நகத்தால் சுரண்டிப் பார்த்தேன்.
நல்ல பெயின்ற்.
அசையவில்லை.