வெட்டுக்கோடு

பதினைந்து வேலம்பாளையம், எங்கள் சின்ன ரூம்.
கம்பெனியிலிருந்து எடுத்து வந்த நீலச் சாக்கால்
சுவரில் கோடு போட்டேன்.
இருபத்திரண்டு வருசம் துணியில் ஓடிய கை,
சுண்ணாம்பின் சொரசொரப்பில் திக்கியது.
வெட்டுமுன் இரண்டு தரம் அளக்கச் சொல்லி
எனக்கு யாரும் வரவேண்டியதில்லை.
துணியில் அரை இஞ்சு தப்பினால் நூறு பீஸ் பாழ்.
இங்கே தப்பினால்
மாடி வீட்டு வாசிங் மெசின் எங்கள் தலையில்.

சென்னியப்பன் வந்தார்.
ஒரு ரூபாய்க் காசால் தட்டிக்கொண்டே நடந்தார்
தர்பூசணி வாங்குகிறவர் மாதிரி, காதைச் சாய்த்து.
"இது பாரந்தாங்கற செவுரில்லீங்க.
நாலு இஞ்சுக் கட்டு. சும்மா அடைச்சிருக்காங்க.
ஒரு மத்தியானத்துல எறக்கிரலாமுங்."
நம்பாமல் அண்ணாந்து பார்த்தேன்.
பீம் தன்பாட்டுக்குக் குறுக்கே போனது
சுவரைக் கண்டுகொள்ளாமல்.

மெயினை இறக்கோணும்.
கோணி நாற்பது, தார்ப்பாய் ஒன்று,
மூக்குக்குத் துணி.
குழாய் எந்தப் பக்கம் வளையுதுன்னு கட்டினவரைக் கேட்கோணும்.
கட்டினவர் செத்து ஆறு வருசம் என்றேன்.
"பரவால்லீங், ஈரம் காட்டிக் குடுத்துரும்."

இடித்த மண்ணைக் கொட்ட இடம் தேடி மூன்று போன்.
நொய்யலில் தள்ளிடறேன் என்றவனை வேண்டாமென்று வைத்தேன்.
பெருமாநல்லூர்ப் பக்கம் பள்ளம் தூர்க்கிற ஒருத்தர்
டிராக்டர் வாடகை மட்டும் போதும் என்றார்.

மாடியில் பீகார்ப் பையன்கள்,
நைட் ஷிப்டு, பகலில்தான் தூக்கம்.
ஞாயிற்றுக்கிழமை சத்தம் வரும் என்று சொல்ல
எனக்கு இந்தி வராது. சுத்தியலைத் தூக்கிக் காட்டினேன்.
"நானும் வந்து ரெண்டு போடு போடட்டாக்கா?"
என்றான் ராகேஷ், சுத்தமான திருப்பூர்த் தமிழில்.

அந்த ரூமில்தான் எங்கள் ஓவர்லாக் இரண்டும் ஓடின.
விற்ற பிறகு தரையில் எட்டு போல்ட் மிச்சம்,
பெருக்கும்போதெல்லாம் சீமாறைப் பிடித்து இழுக்கும்.
அவற்றையும் அறுக்கச் சொல்லியாயிற்று.

சனி ராத்திரி பீரோவை நகர்த்தினோம்.
பின்னால், பீரோ மறைத்த அளவுக்கு மட்டும்
பழைய பச்சைப் பெயிண்ட். அதில் பென்சில்.
துரைராசின் எழுத்து.
வசந்தா 60,000.
கீழே கழித்தல், அதன் கீழே கழித்தல்,
இரண்டாயிரம், ஆயிரத்து ஐநூறு, ஒரு மாதம் வெறும் முந்நூறு.
சீட்டுக்குக் கட்டினதாய் என்னிடம் சொன்ன மாதங்கள்.
கடைசி வரி: பாக்கி 4,500.
அதன் கீழ் ஒன்றுமில்லை.

அவர் தங்கச்சியை எனக்குத் தெரியாதா.
ஒன்பது வருசமாய் வாசலேறவில்லை.
மகள் சீருக்கு நான் வெள்ளிச் சொம்பு வைக்காத கோபம்
என்றல்லவா இருந்தேன்.

துரைராசு தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்தபடி நின்றார்.
"நாளைக்கு இடிச்சா இதுவும் போயிருமல்ல" என்றார்,
பாதி கேள்வி மாதிரி.

போனை எடுத்துப் படம் பிடித்தேன்.
ஃப்ளாஷில் பென்சில் வெள்ளையாய் மின்னியது.
சென்னியப்பன் கொடுத்த சீட்டின் அடியில்,
தார்ப்பாய், கோணி, மெயின் எல்லாவற்றுக்கும் கீழே,
எழுதினேன்: வசந்தாமணி. இடிக்கும் முன்.

"ஜீபே பண்ணிடட்டா?"
"வேண்டாம். நேர்ல போகோணும்."
காங்கயத்துக்கு முதல் பஸ் நாலே முக்கால்.
ஆட்கள் வர ஒன்பதாகும்.